நெட்வொர்க் அறையில் விழித்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

சிறுசேரியிலும் தரமணியிலும் கோவை சரவணம்பட்டியிலும் நெட்வொர்க் கண்காணிப்பு அறைகளில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இந்த மடல். ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு வங்கியின் ரவுட்டர் விழுந்தால் உங்கள் திரையில் சிவப்பு எரிகிறது. டிக்கெட் போடுகிறீர்கள், லாக் எடுக்கிறீர்கள், அடுத்த நிலைக்கு அனுப்புகிறீர்கள், விடிந்ததும் கம்பெனி வண்டியில் வீடு திரும்புகிறீர்கள். சிசிஎன்ஏ முடித்தாயிற்று. சிலர் சிசிஎன்பியும் முடித்துவிட்டீர்கள். உங்களோடு படித்தவர்கள் டெவலப்மென்ட் பக்கம் போனார்கள், நீங்கள் சப்போர்ட் பக்கம் வந்தீர்கள். பொருளை உருவாக்குவது அவர்கள் வேலை, உருவான பொருளைக் காவல் காப்பது நம் வேலை என்ற எண்ணம் நாளாக நாளாக உங்களுக்குள் படிந்துவிடுகிறது. பல ஆண்டுகள் இந்தத் துறையில் இருந்துவிட்டு இப்போது அதையே சொல்லிக்கொடுப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்த எண்ணம் தவறு. நெட்வொர்க் மென்பொருளில் ஒரு புதுத் தொழில் பிறக்க வேண்டிய இடம் நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிதான்.

வெறும் ஊக்கப் பேச்சாக இது போய்விடக் கூடாது. அதனால் ஒருவர் நடந்த பாதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மார்ட்டின் கசாடோ ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். படித்தது வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தில். எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டு போல ஊரே அறிந்த பெயர் அதற்கு இல்லை. 2000இல் பட்டம் வாங்கியதும் கலிஃபோர்னியாவில் உள்ள லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. அமெரிக்க அரசின் அணு ஆயுத ஆய்வு நடக்கும் இடம் அது. பெரிய கணினிகளில் அறிவியல் கணக்கீடுகளை ஓட்டும் மென்பொருள் எழுதுவதுதான் முதலில் அவர் வேலை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அரசின் கவனம் முழுக்கப் பாதுகாப்புப் பக்கம் திரும்பியது. அவரும் அரசு நெட்வொர்க்குகளின் பாதுகாப்புப் பணிக்கு வந்து சேர்ந்தார்.

அவர் முட்டிக்கொண்ட சுவர் அங்கேதான் இருந்தது. மென்பொருள்காரருக்குக் கணினி என்றால் சொன்னதைச் செய்யும் பொருள். ஒரு நிரல் பிடிக்கவில்லையா, மாற்றி எழுதலாம். நெட்வொர்க் அப்படி இல்லை. மிகுந்த பாதுகாப்பு வேண்டிய ஒரு வலையில் யார் யாரோடு பேசலாம் என்று தீர்மானிக்க வேண்டும் என்றால், சுவிட்சையும் ரவுட்டரையும் செய்த கம்பெனி என்ன வசதி கொடுத்திருக்கிறதோ அதற்குள்தான் எல்லாம். பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை வாங்கியவர் தொட முடியாது. புதிதாக ஒன்று வேண்டும் என்றால் கம்பெனியிடம் கேட்டுவிட்டு, அடுத்த வெளியீடு வரும்வரை காத்திருக்க வேண்டும். அரசு நெட்வொர்க்குகளுக்கே அந்த நிலைமை என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த எரிச்சல் உங்களுக்குப் புதிதல்ல. ஒரு அணுகல் விதியை மாற்ற நாற்பது பெட்டிகளில் தனித்தனியாக நுழைந்து ஒரே கமாண்டைத் தட்டியிருக்கிறீர்கள். ஒன்றில் மட்டும் ஒரு வரி விட்டுப்போய், விடியும்வரை அதைத் தேடியிருக்கிறீர்கள். நம்மில் பெரும்பாலோர் அதை வேலையின் இயல்பு என்று ஏற்றுக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விடுகிறோம். கசாடோ அதை ஒரு கேள்வியாக எடுத்து வைத்துக்கொண்டார்: கணினியை நிரலால் ஆட்டிவைப்பதுபோல ஒரு முழு நெட்வொர்க்கையும் ஏன் ஆட்டிவைக்க முடியவில்லை? வேலை மாறியபோதும், படிக்கப் போனபோதும், கம்பெனி தொடங்கியபோதும் அவர் கையில் இருந்தது இதே கேள்விதான். அவருடைய வாழ்க்கையில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

அந்தக் கேள்வியோடு அவர் ஸ்டான்ஃபோர்டுக்கு முனைவர் பட்டத்துக்குப் போனார். வழிகாட்டி நிக் மெக்கியோன். பக்கத்துப் பெர்க்லியிலிருந்து ஸ்காட் ஷென்கர் கூட்டுச் சேர்ந்தார். படிக்கும்போதே மைக்கேல் ஃப்ரீட்மன் என்ற சக ஆய்வாளரோடு இலுமினிக்ஸ் என்ற சிறு கம்பெனியையும் கசாடோ தொடங்கினார். ஐபி முகவரிகளுக்குப் பின்னால் இருப்பவற்றை ஆராயும் மென்பொருள் அவர்களுடையது. 2006இல் குவோவா என்ற நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது.

ஆய்வில் அவருடைய முதல் முயற்சிக்குப் பெயர் சேன். 2006இல் அதன் கட்டுரை வெளிவந்தது. அந்த வடிவமைப்பில் யாரும் யாரோடும் தானாகப் பேச முடியாது. நடுவில் இருக்கும் ஒரு கட்டுப்பாட்டுக் கணினியிடம் அனுமதி வாங்கினால்தான் வழியே கிடைக்கும். படிக்கும்போது நெட்வொர்க் பாதுகாப்பு தெரிந்த எவருக்கும் ஆசை வரும் வடிவமைப்பு. ஆனால் அது வேலை செய்ய வேண்டும் என்றால் வலையில் உள்ள சுவிட்சுகளோடு ஒவ்வொரு கணினியின் மென்பொருளையும் மாற்ற வேண்டும். எந்த அலுவலகம் அதற்குச் சம்மதிக்கும்?

அடுத்த ஆண்டே ஈத்தேன் என்ற இரண்டாவது வடிவம் வந்தது. இதில் பயனாளரின் கணினியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. சுவிட்சுகள் மிக எளிமையானவை. ஒவ்வொன்றிலும் ஒரு அட்டவணை மட்டும் இருக்கும். புதிய உரையாடல் ஒன்றின் முதல் பாக்கெட் வந்தால் சுவிட்ச் தானாக எதுவும் தீர்மானிக்காமல் அதை நடுவில் உள்ள கன்ட்ரோலருக்கு அனுப்பும். கன்ட்ரோலருக்கு முழு வலையும் தெரியும், விதிகளும் தெரியும். அனுமதி உண்டு என்றால் வழியில் உள்ள சுவிட்சுகளின் அட்டவணையில் ஒரு வரி எழுதிவிடும். அதன்பிறகு வரும் பாக்கெட்டுகள் யாரையும் கேட்காமல் ஓடும். விதிகளை ஐபி முகவரியில் எழுதாமல் ஆளின் பெயர், கணினியின் பெயர் என்றே எழுதலாம். ஸ்டான்ஃபோர்டில் முந்நூறுக்கு மேற்பட்ட கணினிகளை வைத்து மாதக்கணக்கில் இதை ஓட்டிக் காட்டினார்கள். தினமும் வேலை பார்க்கிறவர்கள் மின்னஞ்சல் அனுப்பிய வலை அது. ஒன்று அறுந்தால் உடனே திட்டு விழும். ஆய்வுக்கூடத்து மேசைமேல் மூன்று பெட்டிகளை அடுக்கி ஓட்டிக் காட்டியதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஈத்தேனில் சுவிட்சுக்கும் கன்ட்ரோலருக்கும் இடையே நடந்த பேச்சைப் பொதுவான நெறிமுறையாக மாற்றியதுதான் ஓப்பன்ஃபுளோ. அதன் கட்டுரை 2008இல் வந்தது. மென்பொருளால் ஆளப்படும் நெட்வொர்க் என்ற துறைக்கே அங்கிருந்துதான் பெயர் கிடைத்தது. எஸ்டிஎன் என்று நீங்கள் நேர்காணலுக்குப் படித்துவிட்டுப் போகும் மூன்றெழுத்து இதுதான்.

2007இல் கசாடோவும் மெக்கியோனும் ஷென்கரும் நிசிரா என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். மறு ஆண்டே உலக நிதி நெருக்கடி. புதுக் கம்பெனிகளுக்குப் பணம் வருவது நின்றுபோன காலம். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. கன்ட்ரோலர் மென்பொருள் உங்களிடம் இருக்கலாம். அது பேச வேண்டிய சுவிட்சுகளைச் செய்பவர்கள் ஒத்துழைக்க வேண்டுமே? பெட்டியும் அதற்குள் ஓடும் மென்பொருளும் சேர்ந்தே விற்பதுதான் அவர்களுடைய வருமானம். அதைப் பிரித்துவிட வந்தவர்களுக்கு அவர்கள் ஏன் வாசலைத் திறந்துவிட வேண்டும்?

இந்த இடத்தில் நிசிரா எடுத்த முடிவைக் கல்லூரியில் ஒரு முழுப் பாடமாகவே வைக்கலாம். அந்த ஆண்டுகளில் டேட்டா சென்டர்கள் மாறிக்கொண்டிருந்தன. ஒரு சர்வருக்குள் பத்து இருபது மெய்நிகர் கணினிகள், அதாவது விஎம்கள், ஓடத் தொடங்கியிருந்தன. புது விஎம் நிமிடங்களில் தயாராகிவிடும். அதற்கான நெட்வொர்க்? விலான் ஒதுக்க ஒரு டிக்கெட், ஃபயர்வால் விதிக்கு ஒரு டிக்கெட், லோட் பேலன்சருக்கு ஒரு டிக்கெட் என்று நாட்கள் ஓடும். விலான் எண்ணுக்கு இருப்பது பன்னிரண்டு பிட். அதிகபட்சம் 4094 விலான்கள். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே கூரையின்கீழ் வைக்கும் கிளவுட் நிறுவனத்துக்கு அது எந்த மூலைக்கு?

விஎம்கள் வந்தபோது யாரும் பெரிதாகக் கவனிக்காத இன்னொன்றும் நடந்தது. ஒரு விஎம்மிலிருந்து கிளம்பும் பாக்கெட் முதலில் சந்திக்கும் சுவிட்ச் இப்போது அலமாரியில் இருக்கும் இரும்புப் பெட்டி அல்ல. அந்த சர்வருக்குள்ளேயே ஓடும் ஒரு மென்பொருள் சுவிட்ச். அதை மாற்ற எந்தப் பெட்டிக் கம்பெனியின் அனுமதியும் தேவையில்லை. நிசிரா அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டது. ஓப்பன் விசுவிட்ச் என்ற மென்பொருள் சுவிட்சை எழுதினார்கள். விஎம் அனுப்பும் பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து, மேலே போய்ச் சேர வேண்டிய சர்வரின் முகவரியை ஒட்டி அனுப்பினார்கள். உறைக்குள் உறை போட்டு அனுப்பிய கடிதத்துக்குத் தபால்காரர் வெளி உறையை மட்டும் பார்ப்பதுபோல, இடையில் உள்ள பெட்டிகள் வெளிமுகவரியை மட்டும் பார்த்துக் கடத்தும். உள்ளே எந்த வாடிக்கையாளரின் எந்த விதி என்பது அவற்றுக்குத் தெரிய வேண்டியதே இல்லை. வாடிக்கையாளர் தன் பழைய சுவிட்சுகளில் ஒன்றைக்கூட மாற்ற வேண்டியதில்லை. நெட்வொர்க் முழுக்க ஒரு மென்பொருளில் வரைந்து நிமிடங்களில் உருவாக்கலாம், கலைக்கலாம்.

பாருங்கள், சேனில் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார்கள். ஈத்தேனில் கணினிகளை விட்டுவிட்டார்கள். நிசிராவில் பெட்டிகளையும் விட்டுவிட்டார்கள். வாடிக்கையாளரிடம் கேட்பது ஒவ்வொரு படியிலும் குறைந்தது, கொடுப்பது கூடியது. கேள்வியை மட்டும் அவர்கள் கைவிடவில்லை. ஒரு வடிவமைப்பாளர் தொழில்முனைவராக மாறுவது என்றால் இந்த மாற்றம்தான் என்று நான் நினைக்கிறேன். முதலீட்டாளர்முன் பேசும் பேச்சு, கோட்டு சூட்டு, விசிட்டிங் கார்டு எல்லாம் பிற்பாடு.

இன்னொன்று. ஓப்பன் விசுவிட்சை அவர்கள் பூட்டி வைக்கவில்லை. 2009இல் திறந்த மூலமாக அப்பாச்சி உரிமத்தில் வெளியிட்டார்கள். 2012 மார்ச்சில் வந்த லினக்ஸ் கெர்னல் 3.3இல் அதன் பகுதி சேர்ந்தது. இன்றைக்கு ஓப்பன்ஸ்டாக் என்ற கிளவுட் மென்பொருளைத் தொட்டவர்களுக்கு அது அன்றாடப் பொருள். அவர்கள் காசு வாங்கியது அதற்கு மேலே உள்ள கன்ட்ரோலர் மென்பொருளுக்கு. நம் ஊரில் நல்ல நிரல் எழுதியவர்கள் யாராவது திருடிவிடுவார்களோ என்று பயந்து அதைக் கணினிக்குள்ளேயே வைத்துப் பழசாக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். நெட்வொர்க் துறையில் ஒரு பொருளை நம்பித் தன் டேட்டா சென்டரைக் கொடுப்பவர் அதன் உள்ளே பார்க்க விரும்புவார். அடித்தளத்தைத் திறந்து காட்டினால் அந்த நம்பிக்கை சீக்கிரம் வரும்.

2012 பிப்ரவரிவரை நிசிரா வெளியே அதிகம் பேசவே இல்லை. வெளியே வந்தபோது ஏடி அண்டு டி, ஈபே, ஃபிடெலிட்டி, ஜப்பானின் என்டிடி, ராக்ஸ்பேஸ் ஆகியவை ஏற்கெனவே வாடிக்கையாளர்களாக இருந்தன. அதே ஆண்டு ஜூலையில் விஎம்வேர் நிறுவனம் 126 கோடி டாலருக்கு நிசிராவை வாங்குவதாக அறிவித்தது. மறு ஆண்டு அந்த மென்பொருள் விஎம்வேரின் என்எஸ்எக்ஸாக வெளிவந்தது. உங்களில் சிலர் இப்போது ஷிஃப்டில் பார்த்துக்கொண்டிருப்பது அதன் அலாரத்தைத்தான். கசாடோ சில ஆண்டுகள் விஎம்வேரில் அந்தப் பிரிவை நடத்திவிட்டு, 2016இல் தன் கம்பெனிக்குப் பணம் போட்ட ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸில் பங்குதாரராகச் சேர்ந்தார்.

இதில் எல்லாமே நினைத்தபடி நடந்துவிடவில்லை. ஓப்பன்ஃபுளோ எல்லாப் பெட்டிகளிலும் நுழைந்து பழைய நெறிமுறைகளை வெளியேற்றிவிடும் என்று 2011 வாக்கில் பலர் நம்பினார்கள். அது நடக்கவில்லை. கூகுள் தன் டேட்டா சென்டர்களை இணைக்கும் வலையில் அதைப் பயன்படுத்தி 2013இல் கட்டுரை வெளியிட்டது. மற்ற பெரும்பாலான அலுவலகங்களில் பிஜிபியும் ஓஎஸ்பிஎஃப்பும் இன்றும் அசையாமல் இருக்கின்றன. ஆகவே நீங்கள் படித்தது வீண் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதெல்லாம் அமெரிக்காவில் நடக்கும், ஸ்டான்ஃபோர்டு இருக்கிறது, பணம் இருக்கிறது, நமக்கு ஏது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஸ்டான்ஃபோர்டு வளாகத்தின் உதவி சிறியதல்ல. 1984இல் சிஸ்கோ பிறந்ததும் அதே வளாகத்துக்காரர்களிடமிருந்துதான். ஆனால் சென்னையிலும் ஒரு கதை இருக்கிறது. இன்று எல்லோரும் ஜோஹோ என்று அறியும் நிறுவனம் 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில்தான் தொடங்கியது. ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் உள்ளிட்டவர்கள் தொடங்கியது அது. அவர்களுடைய முதல் பொருள் நெட்வொர்க் நிர்வாக மென்பொருள். எஸ்என்எம்பி நெறிமுறையில் பேசிப் பெட்டிகளின் நலத்தைக் கண்காணிக்கும் கருவிகளை, அந்தப் பெட்டிகளைச் செய்யும் கம்பெனிகளுக்கே விற்றார்கள். 2000ஐ ஒட்டி வந்த டாட்காம் சரிவில் அந்த வாடிக்கையாளர்கள் ஆட்டம் கண்டார்கள். பெட்டி செய்பவர்களை மட்டும் நம்பியிருக்காமல், பெட்டியை வாங்கி அலுவலகத்தில் ஓட்டுகிற ஐடி ஊழியர்களின் பக்கம் இவர்கள் திரும்பினார்கள். மேனேஜ்எஞ்சின் அப்படி வந்தது. ஜோஹோ மென்பொருள்கள் அதன் பிறகு. கம்பெனி ஜோஹோ கார்ப்பரேஷன் என்று பெயர் மாறியது 2009இல். இவ்வளவு பெரிய நிறுவனத்தின் வேர் உங்கள் துறையில் இருக்கிறது என்பதை உங்களில் பலருக்கு யாரும் சொன்னதே இல்லை.

சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். ஆசிரியர்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. கல்லூரியில் ஓஎஸ்ஐ ஏழு அடுக்குகளை மார்க்குக்காக மனப்பாடம் செய்ய வைக்கிறோம். பயிற்சி மையங்களில் தேர்வுக்கு வரும் கமாண்டுகளைச் சொல்லிக்கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொடுக்கிறோம். ஒரு பாக்கெட் ஏன் இந்த வழியாகப் போகிறது, இந்த முடிவை யார் எடுக்கிறார்கள், அதை வேறு மாதிரி எடுக்க முடியாதா என்று கேட்கச் சொல்லிக்கொடுப்பதில்லை. நிரல் எழுதுவது டெவலப்பர்களின் வேலை என்று உங்களிடமிருந்து அதைப் பிடுங்கியும் வைத்துவிட்டோம். கசாடோ நிரல் எழுதத் தெரிந்து நெட்வொர்க்குக்கு வந்தவர். உங்களுக்கு நெட்வொர்க் தெரியும். நிரலைக் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டில் நெட்வொர்க்தான் கடினமானது என்று நான் உறுதியாகச் சொல்வேன். புத்தகத்தில் எழுதாத பழுதுகளின் பழக்கம் அதற்கு வேண்டும். அது உங்களிடம் நிறைய இருக்கிறது.

வேலையை உடனே விட்டுவிட்டுக் கம்பெனி தொடங்குங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். வீட்டுக் கடனும் தங்கை கல்யாணமும் இருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். கசாடோவுக்கும் லிவர்மோரில் கேள்வி பிறந்ததிலிருந்து நிசிரா தொடங்கும்வரை பல ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளில் சம்பளமோ உதவித்தொகையோ வாங்கிக்கொண்டுதான் இருந்தார். அவசரம் வேண்டாம். ஆனால் கேள்வி வேண்டும். அது உங்களுடைய கேள்வியாக இருக்க வேண்டும். முதலீட்டாளர்கள் இந்த ஆண்டு எதைத் தேடுகிறார்கள் என்று பார்த்து எடுத்ததாக இருந்தால் அடுத்த ஆண்டு அது உங்களை விட்டுப் போய்விடும்.

எனவே என் வேண்டுகோள் சின்னது. ஷிஃப்டில் ஒரே வேலையை இரண்டாம் முறை கையால் செய்யும்போதும், கம்பெனிக்காரரிடம் கேட்டும் முடியாது என்று பதில் வரும்போதும் அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாடிக்கையாளரின் பெயரோ முகவரியோ வேண்டாம், பிரச்சினை மட்டும் போதும். பைத்தான் கற்றுக்கொள்ளுங்கள். மினிநெட் என்ற இலவச மென்பொருள் ஸ்டான்ஃபோர்டில் பிறந்தது. உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே ஒரு முழு நெட்வொர்க்கை அது கட்டித் தரும். ஓப்பன் விசுவிட்சும் இலவசம். ஈத்தேன் கட்டுரையைக் காசில்லாமல் தரவிறக்கிப் படிக்கலாம். ஆங்கிலம் கடினமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். அடுத்த வார விடுமுறை நாளில் மினிநெட்டை நிறுவி, மூன்று சுவிட்சுகளை இணைத்து, ஒரு பாக்கெட்டை நீங்கள் எழுதிய நிரலின் சொல்படி போக வையுங்கள். அது ஓடியதும் உங்கள் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, அங்கே உள்ள பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் துறையில் மூத்தவன்